பிராகுல பூபதியைத் தேடினது

டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, ஜன்னலோரம், பச்சைச் சேலை தெரியுதுங்களா தம்பி? அதான் எங்க வூட்டுக்காரி. எந்திரிச்செல்லாம் பாக்க வேண்டாம், முதுகு தெரிஞ்சாப் போதும். வெள்ளிப்பாளையம் பிரிவு வர இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. அதுக்குள்ள நீங்க எனக்கு ஒரு நாயம் சொல்லோணும். பாத்தாப் படிச்ச புள்ளையாட்டத் தெரியுது. எங்கூர்க்காரங்ககிட்டக் கேட்டா ஆளுக்கொரு பக்கம் சேந்துக்குவாங்க. உங்களுக்கு நானும் ஒண்ணு, அவளும் ஒண்ணு.

நான் ஈ.பி.ல போர்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவனுங்க. நாச்சிமுத்துன்னா காங்கயம் செக்சன்ல எல்லாருக்கும் தெரியும். லைன்ல வேலைன்னா கரண்டை நிறுத்திப்போட்டுத்தான் ஆளை மேல ஏத்துவோம். வேலை முடிஞ்சு திரும்பக் கரண்டு விடறதுக்கு முந்தி, ஏறின ஆளுங்க அத்தனை பேரையும் பேரச் சொல்லிக் கூப்பிடோணும். "அங்கமுத்து!" அப்படின்னா அவன் "எறங்கிட்டேனுங்க"ன்னு அவன் வாயால சொல்லோணும். தலையாட்டினாச் செல்லாது. பக்கத்துல இருக்கறவன் சொன்னாலும் செல்லாது. சும்மா "ஏப்பா"ன்னு கூப்பிட்டா எவன் திரும்புவான்? ஒரு பேரு விட்டுப் போச்சுன்னா ஒரு உசுரு போச்சு. ஒருக்கா ஜோசப்புன்னு ஒருத்தன் பதில் சொல்லலை. ரெண்டு மணி நேரம் எட்டு ஊருக்குக் கரண்டு விடாம நின்னேன். எங்க ஆபீசரு ஏ.ஈ. போனுல கத்தறாரு. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். ஜோசப்பு தோட்டத்துக் கெணத்துல குளிக்கப் போயிட்டானுங்க. ஈரத்தலையோட வந்து "எறங்கிட்டேனுங்க"ன்னு சொன்ன பொறகுதான் ஸ்விட்சுல கைய வெச்சேன். முப்பத்தினாலு வருசம், எங்கிட்ட வேலை செஞ்சவன் ஒருத்தன் மேல ஒரு கீறல் இல்லை. அவங்க பேரெல்லாம் இன்னைக்கும் வரிசையாச் சொல்லுவேன். சொல்லட்டுங்களா? வேண்டாமா, சரி.

இதை எதுக்குச் சொல்றேன்னா, என்ற தொண்டையைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கோணும். மூணு கரண்டு போஸ்ட்டு தள்ளி நிக்கறவனுக்கும் கேக்கும். அந்தத் தொண்டைல நான் ஒண்ணரை மணி நேரம் கூப்பிட்டும் ஒரு பொம்பளை திரும்பலைன்னா அது காது கேக்காத சமாசாரம் இல்லீங்க. நெஞ்சழுத்தம்.

போன மாசம் நாங்க ரெண்டு பேரும் ஐரோப்பா போயிட்டு வந்தமுங்க. என்ற மணிவிழாவுக்குப் பையன் பூபதி அனுப்பி வெச்சான். ஒரே பையன், ஓசூர்ல வேலை. பதினோரு நாள், ஏழு நாடு. ஈரோடு, திருப்பூரு, கோயமுத்தூருன்னு நாப்பத்திரண்டு பேரு, எல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்க. சமையல்காரரே கூட வந்தாரு. அங்க நாடு மாறும், பாசை மாறும், குளிரு மாறும், மத்தியானம் ஒரு மணிக்குச் சோறு மட்டும் மாறாதுங்க. ரெஜினான்னு ஒரு பொள்ளாச்சிப் புள்ளதான் கைடு. ஆரஞ்சுக் கொடியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு முன்னால போகும். ஆளாளுக்குக் காதுல ஒரு மிசினு மாட்டி விட்டுருவாங்க. அந்தப் புள்ள மைக்குல பேசினா நம்ம காதுக்குள்ளயே கேக்கும்.

பிராகுன்னு ஒரு ஊரு. அதுக்கு ஒரே நாள். காலைல எட்டரைக்கு பஸ்ஸை விட்டு எறங்கினா ஒரு மணிக்குச் சோறு, மூணரைக்கு மறுக்கா பஸ்ஸு. அதுக்குள்ள ஆயிரம் வருசத்து ஊரைப் பாத்து முடிச்சுப்போடோணும். நான் முடிச்சனுங்க. மேட்டு மேல கோட்டை, கோட்டைக்குள்ள கோயிலு, கோயிலுக்குள்ள கலர் கலராக் கண்ணாடி ஜன்னலு. ஆனா ஒண்ணு சொல்லோணும், அந்தப் பழைய ஊருக்குள்ள ஒரு போஸ்ட்டு இல்லீங்க! அத்தனையும் தரைக்கடியில கேபிளு. டிராமுக்கு மட்டும் மேல கம்பி போகுது. அதையும் சொவத்துல கொக்கி அடிச்சு இழுத்துக் கட்டியிருக்கறான், என்ன சுத்தம், என்ன நேர்த்தி! பதினேழு போட்டோ எடுத்தேன். வேணும்னாக் காட்டறேன். பொறகு காட்டறேன், இருங்க.

அவ வந்தா. கூடவே வந்தா. "ஏ பூபதி, இங்க நில்லு"ன்னா நின்னா, "ஏ பூபதி, வா"ன்னா வந்தா. ஆமாங்க, பூபதின்னுதான் கூப்பிடுவேன். ஏன் சிரிக்கறீங்க? உங்கூர்ல எப்படியோ, எங்கள்ல பையன் பேரச் சொல்லித்தான் கூப்பிடறது. எங்கப்பன் எங்காத்தாளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. வெளிய நின்னு "நாச்சிமுத்து"ன்னு கத்துவாரு. நானும் ஓடுவேன், ஆத்தாளும் ஓடும். யாரைக் கூப்பிட்டாருன்னு பாத்து ஒருத்தரு திரும்பிக்குவோம். அதுல ஒரு குறையும் வந்ததில்லை. பூபதி பொறக்கறதுக்கு முந்தி ரெண்டு வருசம் நான் "இங்க பாரு"ன்னே ஓட்டினவனுங்க.

கோட்டையை விட்டு எறங்கினா ஆறு. ஆத்து மேல ஒரு கல்லுப் பாலம். பாலத்துக்கு ரெண்டு பக்கமும் செலை. முப்பது செலைன்னு ரெஜினா சொல்லுச்சு. ஒவ்வொண்ணுக்கும் முன்னால நின்னு, இவரு இன்னாரு, அவரு இன்னாருன்னு பேரு பேராச் சொல்லுது. அவ ஒவ்வொண்ணையும் அண்ணாந்து அண்ணாந்து பாத்துப்போட்டு, "இத்தனை கல்லுக்கும் பேரு சொல்லறாங்க பாருங்க"ன்னா. கல்லு ஒரே எடத்துல நிக்குது, சொல்லறதுக்குச் சவுகரியம்னு சொன்னேன். சரியாத்தானுங்களே சொன்னேன்?

அந்தப் பாலத்துல ஒரு ஆளு பேரு எழுதிக் குடுத்துக்கிட்டு இருந்தாரு. தாடிக்காரரு. நம்ம பேரைச் சொன்னா, எழுத்தையே குருவியும் பூவும் கொடியுமா வளைச்சு வளைச்சு எழுதித் தர்றாரு. அவ அதுக்கு முன்னால நின்னவ நகரலை. எங்க போனாலும் ஒண்ணும் வேணும்னு கேக்கற பழக்கமில்லாதவ, "ஒண்ணு எழுதிக்கலாமுங்களா"ன்னு கேட்டா. நான் சரின்னேன். அந்தத் தாடிக்காரரு அவளைப் பாத்து, பேரு என்னன்னு கேட்டாரு. அவ என்னையத் திரும்பிப் பாத்தா. வாயைத் தொறந்தா. பாவம், பாசை தெரியாம முழிக்கறாளேன்னு நானே முன்னால போயி, "பூபதி"ன்னு எழுதச் சொன்னேன். எழுத்துக்கு எழுத்து இங்கிலீசுல சொல்லிக் குடுத்தேன். அந்தாளு 'பூ'வுக்கு ஒரு மயிலே போட்டுட்டாருங்க! பையன் ஓசூர் வூட்ல மாட்டிக்குவான்ல? சுருட்டி அவ கையில குடுத்தேன். வாங்கிக்கிட்டா. "நல்லா இருக்குதா?"ன்னேன். "நல்லா இருக்குதுங்க"ன்னா. அதுக்கப்புறம் அதை விரிச்சுக்கூடப் பாக்கலை. நடந்த அலுப்புன்னு நான் நெனச்சேன்.

காங்கயம் தாண்டிட்டமுங்களா? தாண்டிட்டோம். சரி.

பன்னண்டு மணிக்கு ஊர் நடுவுல ஒரு பெரிய சதுக்கத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க கோபுரத்துல ஒரு கெடியாரம். மணி ஆனா மேல ரெண்டு சின்ன ஜன்னலு தொறக்குது, பொம்மைச் சாமியாருங்க ஒவ்வொருத்தரா எட்டிப் பாத்துட்டுப் போறாங்க. பக்கத்துல ஒரு எலும்புக்கூடு கயித்தைப் புடிச்சு மணி அடிக்குது. கடைசியாச் சேவல் ஒண்ணு கூவுது. அறுநூறு வருசமா இதே வேலையாம். கீழ ஆயிரம் பேரு அண்ணாந்து நிக்கறாங்க. நானும் நின்னேன். சேவல் கூவி முடிஞ்சுது. "ஏ பூபதி, போலாம் வா"ன்னு சொல்லிட்டே நடந்தேன். பத்தடி போயித் திரும்பிப் பாத்தா ஆளைக் காணம்.

மொதல்ல வெசனமே இல்லீங்க. இங்கதான் எங்கயாச்சும் நிப்பான்னு, தொண்டையைத் தொறந்து ஒரு கூப்பாடு போட்டேன். "பூபதீ!" அந்தச் சதுக்கத்துல இருந்த புறா பூராவும் எந்திரிச்சுருச்சு. அவ வரலை. மறுக்கா "பூபதீ!" ஒரு வெள்ளைக்காரம்மா பதறிப்போயி ஓடி வந்தாங்க. பூபதி உங்க பையனான்னு கேட்டாங்க. ஆமான்னேன். பொய்யா சொன்னேன்? பையன்தானுங்களே. என்ன கலர்ல துணின்னு கேட்டாங்க. பச்சைன்னேன். அவ்வளவுதான், அந்தம்மா நாலு பேர்கிட்டச் சொல்ல, அவங்க நாப்பது பேர்கிட்டச் சொல்ல, ஊரே சேந்து தேட ஆரம்பிச்சுருச்சு. ஓட்டல் மேசைக்கு அடியில குனிஞ்சு பாக்கறாங்க. குதிரை வண்டியை நிறுத்தித் தொறந்து பாக்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. அம்பத்தேழு வயசுப் பொம்பளையை எதுக்குங்க மேசைக்கடியில தேடறாங்க? கடைசியில பச்சைச் சட்டை போட்ட ஒரு குஜராத்திப் பொடியனைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து எம்முன்னால நிறுத்தி, கை தட்டறாங்க. பின்னாலயே அவங்கம்மா கத்திட்டே ஓடி வருது. அந்தம்மா என்னைய என்ன சொல்லித் திட்டுச்சுன்னு எனக்கு இந்தி தெரியாததுனால தெரியலை.

அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா நெனச்சுப் பாத்தேன் தம்பி. அவகிட்டப் போனு இல்லை. அவ பாஸ்போர்ட்டு எங்கிட்ட. பர்சு எங்கிட்ட. ஓட்டல் பேரு எழுதின கார்டு எங்கிட்ட. எதையும் தொலைச்சுப்போடுவாளோன்னு எல்லாத்தையும் நானே பத்திரமா வெச்சிருந்தேன். அவகிட்ட இருந்தது காதுல அந்த மிசினும் கையில சுருட்டின காயிதமும்தான். நாலு தெருவுக்குள்ளயும் ஓடினேன். ஒரு கடைக் கண்ணாடில யாரோ ஒரு கெழவன் அழுதுக்கிட்டு நின்னான். பாத்தா நாந்தான். இதை வெளிய சொல்லிக்க வேண்டாமுங்க.

ரெஜினாப் புள்ள வந்துச்சு. மைக்குல "ஆன்ட்டி, எங்க இருக்கீங்க, கையைத் தூக்குங்க"ன்னுச்சு. எங்க கூட்டத்துல இருந்த பத்தொம்பது ஆன்ட்டியும் கையைத் தூக்கினாங்க. அப்பறம் மைக்கை எங்கையில குடுத்து, "அங்கிள், நீங்களே கூப்பிடுங்க, நேரா ஆன்ட்டி காதுலயே கேக்கும். பேரு சொல்லிக் கூப்பிடுங்க அங்கிள்"ன்னுச்சு.

எப்படிங்க கூப்பிடறது? நாப்பது பேரு காதுல மிசினோட நிக்கறாங்க. எங்க கூட்டத்துல சென்னிமலைக்காரரு ஒருத்தரும் நிக்கறாரு. அவரு எனக்குத் தூரத்துச் சொந்தம் வேற. நான் மைக்கை வாய்கிட்ட வெச்சு, "ஏ பூபதி. நாந்தான். எங்க இருக்கற? சோத்துக்கு நேரமாச்சு பாரு"ன்னேன். நல்லா மெதுவாத்தான், தணிஞ்சுதான் சொன்னேன். அவ காதுக்குள்ளயே கேட்டிருக்கும். வரலை.

அந்தப் புள்ள போயி ஒரு போலீஸ்காரம்மாவைக் கூட்டிட்டு வந்துச்சு. நல்ல ஒசரம், மஞ்சத் தலைமுடி. அவங்க கேட்ட மொதக் கேள்வி, பேரு என்ன? ரெஜினா கூட்டத்தைப் பாத்துச்சு. கூட்டமே ஒண்ணாச் சொல்லுச்சு, "பூபதி அம்மா"ன்னு. ஆறு நாளா ஒண்ணா உக்காந்து சோறு திங்கறோம், ஒருத்தருக்கும் தெரியலை. எல்லாரும் என்னையப் பாக்கறாங்க. நான் கெடியாரத்தைப் பாக்கறேன். கடைசியில டிரைவரு போயி பஸ்ஸுல இருந்து ஆள் பட்டியலை எடுத்துட்டு வந்தாரு. அதுக்கு முக்கா மணி நேரம். போலீஸ்காரம்மா பட்டியலைப் பாத்து அவ பேரை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டு, மைக்கை வாங்கி ஒருக்காச் சொன்னாங்க. ஒரே ஒருக்கா. நடு எழுத்தைப் புடிச்சு எங்கயோ இழுத்துட்டுப் போயி, கடைசி எழுத்தை முழுங்கிட்டாங்க.

அந்தச் சதுக்கத்துக்கு நடுவுல ஒரு பெரிய செலை இருக்குதுங்க. அதைச் சுத்தி உக்காரத் திண்டு. அதுக்கு அந்தப் பக்கமிருந்து சேலையை உதறிக்கிட்டு எந்திரிச்சு வர்றா! நான் நின்ன எடத்துல இருந்து முப்பதடி இருக்காது. வந்து, எம்பக்கத்துல இல்லீங்க, அந்தப் போலீஸ்காரம்மா பக்கத்துல போயி நிக்கறா. சிரிக்கறா.

"எங்க போன?"ன்னேன்.

"எங்கயும் போகலீங்க. கால் வலிச்சுது, இங்கதான் உக்காந்திருந்தேன்."

"நான் கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுதுங்க. பூபதியைக் கூப்பிட்டீங்க."

"இந்தம்மா கூப்பிட்டதும் மட்டும் வர்ற?"

"இவங்க என்னையக் கூப்பிட்டாங்க"ன்னா.

எப்படிங்க தம்பி இருக்கும் எனக்கு? அத்தனை பேத்துக்கு முன்னால! சோறு ஆறிப்போச்சு, சாம்பாருல ஆடை கட்டிருச்சு, கூட்டம் பூராவும் என்னையத்தான் மொறைச்சுது, அவளை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. அதுலயும் பாருங்க, அந்தப் போலீஸ்காரம்மாகிட்டக் கையை நீட்டி, பேரு எழுதின துண்டுச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கிட்டா. நான் நூத்தி நாப்பது போட்டோ எடுத்து வெச்சிருக்கறேன். வூட்டுக்கு ஒறம்பரை வந்து பிராகுல என்ன பாத்தீங்கன்னு கேட்டா, அந்தச் சீட்டைத்தான் எடுத்துக் காட்டறா.

பஸ்ஸுல ஏறி உக்காந்த பொறகு ஒண்ணு சொன்னா. ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொன்னா. "எங்கக்கா போன பொறகு எம்பேரை யாருமே கூப்பிட்டுக் கேக்கலீங்க." அவளுக்குப் பெரியவ ஒருத்தி பெருந்துறைல இருந்தாங்க. போன தை மாசம் தவறிட்டாங்க. அப்பனாத்தா முன்னயே போயாச்சு. போனு வந்தா அந்தக்கா மட்டுந்தான் அப்படிக் கூப்பிடும், நானே கேட்டிருக்கறேன். "ஏன், ஆதார் கார்டுல இருக்குதே"ன்னேன். நான் சொன்னது உள்ளதுதானுங்களே. அதுல தெளிவா அச்சடிச்சு இருக்குது.

அன்னைல இருந்து இதே கோளாறு. வூட்ல "பூபதி, தண்ணி"ன்னா வராது. நானே மோந்து குடிச்சுக்கறேன். "பூபதி, கதவைச் சாத்து"ன்னா, "அவன் ஓசூர்ல இருக்கறானுங்க"ன்னு உள்ள இருந்து சத்தம் வரும். சண்டை இல்லை, கோவம் இல்லை. சோறு போடறா, எண்ணெய் காச்சி முட்டிக்குத் தேய்ச்சு விடறா. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கறா. போன வாரம் இதே பஸ்ஸு. முன்னயெல்லாம் ரெண்டு டிக்கட்டும் எங்கையில இருக்கும். இப்பப் பொம்பளைங்களுக்குத் தனியா இலவச டிக்கட்டு, அவ முன்னால ஏறி முன்னாலயே உக்காந்துக்கறா. பிரிவு வந்துச்சு, "பூபதி, எறங்கு"ன்னேன், அசையலை. ரெண்டு ஸ்டாப்பு தள்ளி எறங்கி, வேகாத வெயில்ல நடந்து வந்தோம். வழி பூராவும் பிராகுல பாத்த செலைங்களைப் பத்தியே பேசிக்கிட்டு வந்தா, அவ்வளவு சந்தோசமா.

இப்பச் சொல்லுங்க, தப்பு யாரு மேல? அட, மெதுவா யோசிச்சே சொல்லுங்க. வெள்ளிப்பாளையம் மேடு தெரிய ஆரம்பிச்சுருச்சு. ஒரு உதவி பண்ணுங்க. நீங்க கொஞ்சம் முன்னால போயி, "அக்கா, எறங்கோணுமாம்"னு சொல்லிருங்க. அதுக்குத் திரும்ப மாட்டாளா? ஆமா, திரும்ப மாட்டா, இந்த பஸ்ஸுல எத்தனை அக்கா. பேரா? பேரு சொன்னா நீங்க கூப்பிடறீங்களா? பேரு வந்துங்க... உங்க காதுலயே சொன்னாலும் சொன்னதுதானுங்களே. பின்னாடி சீட்டுல எங்கூரு ரேசன்கடைக்காரரு உக்காந்திருக்கறாரு. அந்தப் பக்கம் எங்க பங்காளி சம்சாரம். பொழுதுக்குள்ள ஊரு பூராவும் சொல்லிப்போடுவாங்க. அறுபது வயசுல கொஞ்சறாண்டான்னு சிரிப்பாங்க.

பிரிவு வந்துருச்சு. கண்டக்டரே, ஒரு நிமிசமுங்க, ஆளு எறங்கோணும். பாருங்க தம்பி, அசையறாளா? நேரா ரோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறா. விசில் அடிக்காதீங்க கண்டக்டரே. ஒரு ஆளு இன்னும் எறங்கலை. எறங்காம எடுக்கக் கூடாது. நான் படியிலயே நிக்கறேன், எடுங்க பாக்கலாம். சும்மா கத்தாதீங்க, எனக்குத் தெரியும் எப்படிக் கூப்பிடறதுன்னு. முப்பத்தினாலு வருசம் கூப்பிட்டவனுங்க நானு.

மயிலாத்தா!

கேக்கலையாட்ட இருக்குது. மெதுவாச் சொல்லிப்போட்டேன். இருங்க.

மயிலாத்தா! ஏ மயிலாத்தா! பிரிவு வந்துருச்சு, எறங்கு சாமி!

சிரிங்க, எல்லாரும் நல்லாச் சிரிங்க. தம்பி, எந்திரிச்சுட்டாளா? என்னமோ சொன்னாளே, என்ன சொன்னா? எனக்கு இந்தக் கண்ணுல தூசி விழுந்ததுல ஒண்ணும் தெரியலை.

"எறங்கறேனுங்க"ன்னா சொன்னா? அவ வாயாலயா?

சரி, அந்த மஞ்சப்பையை எடுத்துக் குடுங்க. விசில் அடிங்க கண்டக்டரே, போலாம்.